கரிசல் காட்டுக்குக் கும்மாயம் எதற்கு?

மண்வளத் திட்டம் வகுக்கும் வேளாண் அதிகாரிகளுக்கு, பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊராட்சி விவசாயிகள் எழுதும் திறந்த மடல்.

ஒன்றாம் போகத்துக்கான மானியப் பட்டியல் வந்துவிட்டது. முதல் வரியில் கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு; இரண்டாம் வரியில் டோலமைட், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் பொடி. நெல்லுக்கும் அதுதான், தென்னைக்கும் அதுதான், வாழைக்கும் அதுதான். இதை எடுக்காவிட்டால் மற்ற உர மானியம் கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லியும் அனுப்புகிறார்கள். போன வருடம் எடுத்த மூட்டையே பல வீட்டுத் திண்ணையோரம் ஈரம் குடித்துக் கல்லாகிக் கிடக்கிறது. கொஞ்சம் விவரமானவர்கள் அதை மாட்டுக்கொட்டகைச் சுவருக்கு வெள்ளையடித்துத் தீர்த்துவிட்டார்கள். மூட்டை வீணானதைப் பற்றிக்கூட எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. அந்தப் பணத்தில் எங்கள் நிலத்துக்கு வந்திருக்க வேண்டியது வரவில்லை என்பதால்தான் இந்த மடல்.

கேரளத்துக்குக் கும்மாயம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வருடத்துக்கு 3000 மி.மீ. அளவில் மழை பெய்யும் ஊர்களில் வெட்டுக்கல் (லேட்டரைட்) மண்ணிலிருந்து சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்து ஓடிவிடுகின்றன; மண் புளிக்கிறது; இரும்பும் அலுமினியமும் வேரைச் சுடுகின்றன. அங்கே நெல்லுக்கு ஹெக்டேருக்கு 600 கிலோ, அதில் 350 கிலோவை முதல் உழவிலும் 250 கிலோவை ஒரு மாதம் கழித்தும் போடச் சொல்வது சரியான வைத்தியம். ஆனால் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் அந்த மழையில் பாதிகூடப் பெய்வதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கரைந்து ஓடுமளவுக்குத் தண்ணீர் இல்லாததால் சுண்ணாம்பு மண்ணிலேயே தங்கியிருக்கிறது. கரிசலைத் தோண்டினால் அரையடி, ஒரு அடியிலேயே சுக்கான் என்னும் சுண்ணாம்புக் கட்டிகள் கையில் வருகின்றன. சொட்டுநீர்க் குழாயின் வாயில் ஒரே கோடையில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்வதும் அதே சுண்ணாம்புதான், போர்த் தண்ணீரில் கரைந்து வருவது.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுச் செய்தியல்ல. மாநிலத்தை 23 வேளாண் சூழல் அலகுகளாகப் பிரித்தபோது பாலக்காட்டுக் கிழக்குச் சமவெளியைத் தனி அலகாக வைத்தவர்கள் உங்கள் விஞ்ஞானிகள்தாம். வரைபடத்தில் தனியாக வைத்துவிட்டு மானியப் பட்டியலில் மட்டும் மற்ற ஊர்களோடு சேர்த்துக் கட்டியிருக்கிறீர்கள்.

சந்தேகம் இருந்தால் ஆய்வகம்கூட வேண்டாம். காய்ந்த மண்கட்டி ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் நாலு சொட்டு விடுங்கள். சமையலறை வினிகர் கொஞ்சம் தாராளமாக விட்டாலும் போதும். சுரீரென்று நுரைத்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். ஒழலப்பதியிலிருந்து வேலந்தாவளம் வரை எத்தனையோ வயலில் இந்தச் சோதனையை உங்கள் அலுவலர் வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே செய்து பார்க்கலாம்.

கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கரில் 15 செ.மீ. ஆழத்துக்கு உள்ள மேல்மண்ணின் எடை சுமார் 850 டன். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு இருந்தால் ஏக்கருக்கு 42 டன் ஆகிறது. அதன்மேல் நீங்கள் போடச் சொல்வது 240 கிலோ. கடலில் உப்பு மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

வீண் என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை, கெடுதலும் உண்டு. புளிப்பு மண்ணில் கும்மாயம் கரைந்து புளிப்பை முறிக்கும். பி.எச். (மண்ணின் புளிப்பு, காரத்தைக் காட்டும் எண்; ஏழுக்கு மேல் காரம்) எட்டைத் தொட்ட மண்ணில் அது வேலையில்லாமல் நுண்பொடியாகத் தங்கி, போட்ட மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். மணிச்சத்து உரமான டி.ஏ.பி.யை மூட்டை மூட்டையாகப் போட்டும் வேர் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவர்களின் வயல்களைப் பாருங்கள். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் பயிர் எடுக்க முடியாத நிலைக்குப் போகின்றன. இன்னொன்று: மானியச் சாமான் எல்லாம் ஒரே வண்டியில் வருவதால், கும்மாயம் தூவிய கையோடு யூரியாவும் தூவிவிடுகிறார்கள். காரம் ஏறிய ஈர மண்ணில் யூரியா அம்மோனியாவாக மாறி ஆகாயத்துக்குப் போகிறது. வரப்பில் நின்றாலே மூக்கில் ஏறும் அந்த நெடி, விவசாயி காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து (நைட்ரஜன்). புளிப்பு மண்ணில்கூட இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு வாரம் இடைவெளி வேண்டும். அதைச் சொல்லும் ஒரு துண்டுத்தாள்கூட மூட்டையோடு வருவதில்லை.

எங்கள் வயலில் உண்மையில் என்ன குறை என்பதை இலை சொல்லிவிடும். நட்டு மூன்றாம் வாரத்தில் நெற்பயிர் வளராமல் குந்தி, கீழ் இலைகளில் துருப்போல் பழுப்புப் புள்ளி விழுந்தால் அது துத்தநாகக் குறை. நிலக்கடலையில் கொழுந்து இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. மழை பெய்து இரண்டு நாள் தண்ணீர் நின்றபிறகு இது அதிகமாகத் தெரியும். தென்னையில் அடிமட்டை மஞ்சளாகி ஈர்க்கை ஒட்டிப் பச்சை நின்றால் மக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். குருத்தோலையே வெளுத்து வந்தால் இரும்பு, மாங்கனீசு பக்கம் பார்க்க வேண்டும். பழைய இலையா, புது இலையா என்று பார்க்காமல் மஞ்சள் என்றவுடன் மரத்துக்கு ஒரு கிலோ கும்மாயம் என்று எழுதிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது குறையைக் கூட்டுகிறது.

மருந்தும் எளிதுதான். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை (துத்தநாக உப்பு) 20 கிலோ மணலோடு கலந்து, கடைசிச் சேற்றுழவு முடிந்து சமன் செய்தபின் தூவ வேண்டும். டி.ஏ.பி.யோடும் சூப்பர் பாஸ்பேட்டோடும் ஒரே கூடையில் கலக்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகிவிடும், இரண்டு காசும் போச்சு. கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. பயிரில் குறை தெரிந்தபிறகு என்றால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஜிங்க் சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்துத் தெளிக்கலாம். கடலைக்குப் பத்து லிட்டருக்கு 50 கிராம் அன்னபேதி என்னும் இரும்பு உப்பும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும், வெயில் தாழ்ந்தபிறகு, பத்து நாள் விட்டு இரண்டு தடவை. அன்னபேதியை நேராக மண்ணில் கொட்டினால் எங்கள் மண்ணில் சீக்கிரமே துருவாகிப் பயனற்றுப் போகும். தொழுவுரத்தில் கலந்து வைத்துப் போட்டால் ஓரளவு நிற்கும். கடலைக்கு ஜிப்சம் ஏக்கருக்கு 160 கிலோ: பாதி அடியுரம், பாதி 40–45ஆம் நாள் மண் அணைக்கும்போது. ஜிப்சம் காரத்தை ஏற்றாது, கந்தகமும் தரும். சாலைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டு எல்லைக்குள், இதே கரிசலுக்கு இதே சிபாரிசைத்தான் செய்கிறார்கள். எங்கள் பட்டியலில் ஜிங்க்கும் இல்லை, ஜிப்சமும் இல்லை.

அடுத்தது மண் பரிசோதனை. மண்வள அட்டைத் திட்டம் 2015இல் தொடங்கியது. நீர்ப்பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்பது அதன் கணக்கு. எங்கள் ஊரில் இரண்டரை ஹெக்டேருக்குள் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலும் நடுவில் இரண்டும் கலந்த மண்ணுமாக நாலு பேர் நிலம் இருக்கும். நாலையும் கலந்து ஒரு பையில் போட்டு எடுக்கும் சராசரி, நாலு பேரில் ஒருவருக்கும் பொருந்தாது. செம்மண் மேட்டில் பி.எச். ஐந்தரைக்குக் கீழே இறங்கியிருந்தால் அவருக்குக் கும்மாயம் தேவைப்படலாம், கொடுங்கள். பக்கத்துப் பள்ளத்துக்காரருக்கு வேண்டாம்.

மாதிரி எடுக்கும் விதம் அதைவிட மோசம். வரப்போரம் ஒரு குழி, சாலையோரம் ஒரு குழி, முடிந்தது வேலை. முறையாக எடுப்பதென்றால் வயலுக்குள் 10–15 இடத்தில், மேல் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில வி வடிவத்தில் வெட்டி, குழியின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீராகச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, பரப்பி, நாலாகப் பகுத்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை இதைத் திரும்பச் செய்து நிழலில் உலர்த்த வேண்டும். எருக்குழி ஓரம், மரநிழல், வாய்க்கால் கரை கூடாது. பிளாஸ்டிக் வாளி வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள வாளியில் அள்ளினால் எங்கள் வயலில் இல்லாத துத்தநாகம் அட்டையில் இருப்பதாக வரும். யூரியா சாக்கில் கட்டிக் கொண்டுபோகும் மாதிரிக்கு முடிவே எழுத வேண்டாம். எடுக்க வேண்டிய காலம் இரண்டாம் போக அறுவடை முடிந்து எரு போடும் முன். நடவு முடிந்து பயிர் பச்சை கட்டியபிறகு வந்து மாதிரி கேட்பதில் அர்த்தமில்லை.

இதோடு ஒரு நுட்பமான விஷயம். இதை உங்கள் ஆய்வகத்தாரிடம் கேட்டால் அவர்களே ஒப்புக்கொள்வார்கள். மணிச்சத்தை அளக்க புளிப்பு மண்ணுக்கு பிரே முறை, கார மண்ணுக்கு ஓல்சன் முறை. பிரே கரைசல் அமிலம். சுண்ணாம்பு மண்ணில் அந்த அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும், மணிச்சத்து இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து இன்னும் ஒரு மூட்டை டி.ஏ.பி. போடச் சொல்லி அட்டை வரும். கூடுதல் மணிச்சத்து துத்தநாகத்தை இன்னும் முடக்கும். எங்கள் மாதிரிகளை எந்த முறையில் அளந்தீர்கள் என்று அட்டையில் எங்கும் எழுதப்படவில்லை. கேட்டாலும் பதில் வரவில்லை.

இனி, மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: கரிமம். அட்டையில் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவு, 0.75க்கு மேலே என்றால் அதிகம். இங்கே ‘குறைவு’ என்று வராத அட்டையைத் தேட வேண்டியிருக்கிறது. கரிமம் கூடினால் பாதிப் பிரச்சினை தானே இறங்கும். மக்கும்போது வரும் கரிம அமிலங்கள் வேரைச் சுற்றிக் காரத்தைத் தணித்து, முடங்கிய இரும்பையும் துத்தநாகத்தையும் மணிச்சத்தையும் விடுவிக்கும். கரிசல் வெயிலில் பாளமாக வெடிப்பதும் குறையும். ஆனால் அளவு என்ன என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. ஏக்கருக்கு 850 டன் மண்ணில் கரிமத்தை 0.1 சதவீதம் கூட்டவே 850 கிலோ கரிமம் வேண்டும். தொழுவுரமாகப் பார்த்தால், ஒன்றும் வீணாகாமல் இருந்தாலே ஆறு டன்னுக்குக் குறையாது. எங்கள் வெயிலில் முதல் வருடத்திலேயே பாதிக்கு மேல் கரியமில வாயுவாகப் போய்விடும். நீங்கள் ‘இயற்கை உரத் தொகுப்பு’ என்று கொடுப்பது சில கிலோ பொட்டலம். அதில் இருக்கும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா நுண்ணுயிர் உரப் பாக்கெட்டுகள் தகரக் கூரைக்கடியில் சித்திரை வெயில் முழுக்க வெந்தபிறகு எங்கள் கைக்கு வருகின்றன. உள்ளே உயிர் இருக்கிறதா என்று யார் பார்த்தது? ஜீவாமிர்தப் பயிற்சியும் நடத்துகிறீர்கள், நல்லதுதான். 10 கிலோ சாணத்தை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்தால் நுண்ணுயிர் பெருகும். அந்த நுண்ணுயிருக்குத் தின்ன வேண்டியதை வேறிடத்திலிருந்துதான் கொண்டுவர வேண்டும்.

அந்தத் தீனியை வயலிலேயே விளைவிக்கலாம். பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதை. கார மண்ணையும் தேங்கும் தண்ணீரையும் தாங்கும். கோடை மழையில் விதைத்து 45ஆம் நாள், முதல் பூ தலைகாட்டும்போது மடக்கி உழுதால் எட்டு டன் பசுந்தழை, உலர்த்திப் பார்த்தால் ஒன்றரை டன், தழைச்சத்து ஏறத்தாழ 30 கிலோ. முப்பது நாளில் உழுதால் எல்லாம் தண்ணீர். அறுபது நாள் விட்டால் தண்டு நாராகி ரோட்டவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும், மக்கவும் நாளாகும். மடக்கி உழுது ஒரு வாரம், பத்து நாள் தண்ணீர் கட்டி அழுகவிட்டு நட வேண்டும். இந்தக் கணக்கின்படி விதை எங்கள் கையில் இருக்க வேண்டியது சித்திரை முதல் வாரம். இங்கே விதை வந்து சேர்வது ஆனி, ஆடியில், நாற்று நட்டு வேர் பிடித்தபிறகு. வந்த விதையைக் கோழிக்குப் போடுகிறவர்கள் மேல் குற்றமில்லை. மானாவாரி மேட்டுக்குச் சணப்பும் கொளுஞ்சியும் பொருந்தும். கொளுஞ்சியை ஒருமுறை விட்டால் தானே முளைத்துக்கொள்ளும். ஆடும் அதை அவ்வளவாகத் தின்னாது.

அறுவடைக்குப்பின் ஆட்டுப்பட்டி போடுவது இந்த எல்லைப் பகுதியில் காலங்காலமாக இருப்பது. புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணுக்குள் போகிறது, ஏற்று இறக்குக் கூலி இல்லை. பட்டி பெயர்த்த இரண்டொரு நாளில் ஏர் ஓட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் கார மண்ணில் அம்மோனியா தங்காது. உங்கள் எந்தத் திட்டத்திலும் பட்டிக்காரருக்குக் கொடுக்கும் பணம் ‘எரு’ என்ற தலைப்பில் வருவதில்லை, ரசீது இல்லை என்ற காரணத்தால். அதற்குப் பதிலாக லாரி லாரியாகக் கோழி எரு இறங்குகிறது. முட்டைக்கோழிப் பண்ணை எருவில் தீவனச் சுண்ணாம்பு நிறைய. பச்சையாகப் போட்டால் எங்கள் மண்ணில் காரமும் உப்பும் ஏறும். மூன்று மாதமாவது வைக்கோலோடு மக்கவைத்துப் போட வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.

வெளியிலிருந்து வரும் எந்த எருவுக்கும் சோதனைச் சீட்டு கேட்க எங்களுக்குக் காரணம் உண்டு. பிளாச்சிமடையில் குளிர்பான ஆலைக் கழிவை உரமென்று சொல்லி விவசாயிகளுக்குக் கொடுத்ததும், 2003இல் அதில் ஈயமும் காட்மியமும் இருந்தது தெரியவந்ததும் எங்கள் பக்கத்து வயல்களில் நடந்தது.

மண்ணின் இறுக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வாடகை ரோட்டவேட்டர் வருகிற நாளில்தான் உழவு என்று ஆகிவிட்டது. மண்ணின் பதத்தை யாரும் பார்ப்பதில்லை. கரிசலை ஈரம் அதிகமாக இருக்கும்போது ஓட்டினால் கத்தி அடிமண்ணை மெழுகிவிடும். வருடா வருடம் அதே ஆழத்தில் மெழுகி மெழுகி ஒரு சாண் கீழே தட்டாக இறுகி, வேரும் தண்ணீரும் இறங்காமல் நிற்கின்றன. கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், குறுக்கும் நெடுக்குமாக, 40 செ.மீ. ஆழத்துக்குக் கீறினால் இரண்டு மூன்று வருடம் தாங்கும். உளிக்கலப்பை ஒரு ஊராட்சிக்கு ஒன்று இருந்தால் போதும். இங்கே ஒன்றுகூட இல்லை.

நாங்கள் கேட்பவை இவை.

அமிலச் சொட்டில் நுரைக்கும் வயலுக்கும், பி.எச். 7க்கு மேல் உள்ள வயலுக்கும் கும்மாயம், டோலமைட் கட்டாயத்தை உடனே நீக்குங்கள். அதே தொகைக்கு ஜிங்க் சல்பேட், ஜிப்சம், தக்கைப்பூண்டு விதை ஆகியவற்றில் எது வேண்டுமோ அதை விவசாயியே தேர்ந்தெடுக்கும்படி மாற்றுங்கள்.

பசுந்தாள் விதை சித்திரை முதல் வாரத்துக்குள் ஊராட்சிக்கு வந்து சேர வேண்டும். அதற்கு ஒப்பந்தப்புள்ளியை மாசியிலேயே முடிக்க வேண்டியது உங்கள் வேலை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு தடுப்பணையில் வரும் 7.25 டி.எம்.சி. தண்ணீரில், கோடை மழை தவறும் வருடத்திலாவது, பசுந்தாள் முளைக்க ஒரு நனைப்புக்கு நீர்ப்பாசனத் துறையோடு பேசி நாள் குறியுங்கள்.

மண் மாதிரியை நிலத்துக்கு ஒன்றாக, கரிசலையும் செம்மண்ணையும் பிரித்து எடுங்கள். எங்கள் பகுதி மாதிரிகளுக்கு மணிச்சத்தை ஓல்சன் முறையில் அளந்து, முறையின் பெயரை அட்டையில் அச்சிடுங்கள். போர்த் தண்ணீரையும் சேர்த்துச் சோதியுங்கள். எஞ்சிய சோடியம் கார்பனேட் (தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியத்துக்கு மேல் மிஞ்சும் கார்பனேட்டின் அளவு) லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்தைத் தாண்டிய தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே மண்ணைத் திருத்த முடியாது.

ஆட்டுப்பட்டிக்கு ஊராட்சி உறுப்பினர் சான்றின்பேரில் எரு மானியம் கொடுங்கள். வெளியிலிருந்து வரும் எருவுக்குக் கன உலோகச் சோதனைச் சீட்டைக் கட்டாயமாக்குங்கள். ஊராட்சிக்கு ஒரு உளிக்கலப்பை வாங்கி வாடகைக்கு விடுங்கள்.

மண்வள அட்டையும் சிபாரிசும் தமிழில் வேண்டும். 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் எங்கள் போன்ற மொழிச் சிறுபான்மைப் பகுதியில் அரசோடு தமிழில் எழுத்துப் போக்குவரத்து செய்ய உரிமை தருகிறது. இந்த மடலையும் அந்த உரிமையில்தான் எழுதுகிறோம். பதிலைத் தமிழில், இரண்டாம் போகத்துக்கான பட்டியல் அச்சாகும் முன் அனுப்புங்கள். அதற்கு முன் உங்கள் அலுவலர் ஒருவர் அமிலப் புட்டியோடு வந்தால், எந்தெந்த வயல் என்று நாங்களே கூட்டிப்போய்க் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
சித்தூர் தாலுகா கிழக்கு ஊராட்சிகளின் கரிசல் நில விவசாயிகள்